அடையாளத் துணி

புதிதாக வந்த கோழிகள் இரண்டையும் கம்பி வலைக்குப் பின்னால் வைத்து அன்றோடு ஒன்பது நாள். வலையைப் பிரிப்பதா வேண்டாமா என்று தையல்காரி காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் அலைந்தாள். புதுக் கோழியை நேரே கூட்டத்தில் விட்டால் பழையவை கொத்தித் தீர்த்துவிடும், ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று வலை கட்டிக் கொடுத்தது அவள் கணவன். கட்டிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்ப இன்னும் பத்து நாளாகும்.

கோழிகளோடு வந்தவள் அவனுடைய தங்கை. நாற்பத்தாறு வயதிலும் இந்த வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். புருஷன் செத்து, இருந்த வீடும் கைவிட்டுப் போய், ஒரு பெட்டியும் இரண்டு கோழியுமாக வந்து இறங்கியிருந்தாள். வந்த நாளாய்க் கேட்காமல் அடுப்படிக்குள் நுழைவதில்லை. குடிக்கிற தண்ணீருக்குக்கூட "அண்ணி, எடுத்துக்கட்டுமா?" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் தையல்காரி தானே சொம்பில் மொண்டு நீட்டுவாள். நாத்தனாரை ஓட்டிவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இவள் இங்கே காலூன்ற வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டாள். கோழிகள் ஒட்டிக்கொண்டால் அவளும் ஒட்டிக்கொள்வாள் என்று ஏனோ ஒரு நம்பிக்கை.

பழைய கோழிகள் நான்கு. அவற்றை மேய்த்துக் கட்டியாளும் பெரிய கோழிக்கு மாமியார் என்று பெயர், குணமும் அப்படித்தான். ஆறும் ஒரே பழுப்பு. கலந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. தையல்காரிக்கோ எதற்கும் அடையாளம் வேண்டும். தைக்க வரும் துணிக்கெல்லாம் ஓரத்தில் ஒரு துண்டு கட்டிவைத்தே பழகிய கை அது. இருபது வருடத்தில் ஒருவர் சட்டை இன்னொருவரிடம் போனதில்லை. வெட்டு மிச்சத்தில் பளிச்சென்று கண்ணில் பட்ட சிவப்பை எடுத்துப் புதுக் கோழிகளின் காலில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"எதுக்கு அண்ணி?"

"உன் கோழி எதுன்னு தெரிய வேணாமா? நாளைக்கு மாறிப்போச்சுன்னு வரக் கூடாது பாரு."

தையல்காரி வலையைப் பிரித்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்து முடிக்கவில்லை, கொல்லையில் ஒரே அலறல். சிவப்பைக் கண்டால் கோழிக்கு அது ரத்தம், கொத்தாமல் விடாது. இத்தனை வருடம் கோழி வளர்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். கை முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது. மாமியார் துணியைக் கொத்த ஆரம்பித்து, துணி எது தோல் எது என்று தெரியாமல் போன பிறகு மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு புதுக் கோழி சுவரோரம் தலை தொங்கிச் செத்துக் கிடந்தது. மற்றதைப் பாப்பா மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் தப்புதான் பாப்பா. பச்சைத் துணியும் கிடந்துச்சு. அதைக் கட்டியிருக்கலாம்."

பாப்பா நனைந்த முடிச்சை நகத்தால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "எதுவுமே கட்டாம விட்டிருக்கலாம் அண்ணி."

குரலில் கோபமில்லை. கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது தையல்காரிக்கு.

மத்தியானம் கூப்பிட்டதும் பாப்பா வந்து, போட்டதைச் சாப்பிட்டாள். பிறகு தன் தட்டைக் கழுவி, மற்றத் தட்டுகளோடு அடுக்காமல் ஜன்னல் மேடையில் தனியாகக் கவிழ்த்தாள்.

"அங்க ஏன் வைக்கிற?"

"இருக்கட்டும் அண்ணி. என் தட்டு எதுன்னு தெரியும்ல."

அவள் கொல்லைக்குப் போய்விட்டாள். தட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேடையில் இறங்கிக்கொண்டிருந்தது.