டின்சி போட்ட ‘க’

1

இந்தக் கதை ஒரு பொட்டலத்தில் கிடைத்தது. ஏலக்காய் மடித்துத் தந்த தாளில் யாரோ திருத்திய கணக்கு; சரியான விடையின் மேல் சிவப்புக் கோடு. தெரியாமல் அடிக்கும் கை சற்றுத் தயங்கும். இந்தக் கோடு தயங்கவில்லை.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களின் மேல் பனி இறங்கும் காலையில்

(அடித்துவிட்டேன். பனிக்கு இதில் வேலை இல்லை.)

2

ஜிஸ்மியும் டின்சியும் பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். எர்ணாகுளத்தில் நடக்கும் கணித முகாமுக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம். ஏசுரத்தினம் சார் தொகையிடலில் தேர்வு வைத்து, தாள்களை மாற்றித் திருத்தச் சொன்னார். டின்சியின் தாள் ஜிஸ்மியிடம் வந்தது.

(வாசகருக்கு: x² + 5, x² + 9 இரண்டையும் வகையிட்டால் 2x தான் மிஞ்சும். 5, 9 அழிந்துவிடும். தொகையிடல் அந்த வழியே திரும்பி வருவது. அழிந்தது எந்த எண்ணென்று தெரியாததால் ‘+ C’ என்று ஒரு மாறிலி சேர்க்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் எழுத்து. எனக்கு அது ஜெபம் மாதிரி.)

டின்சி C போடவில்லை. ‘+ க’ என்று எழுதியிருந்தாள். முன்பே ஒருநாள் சொன்னாள்: “C யாருன்னே எனக்குத் தெரியாதுட்டி. ‘க’ன்னா கத்தரீனாள், எங்கம்மா. மாறாததுதான மாறிலி?”

எந்த எழுத்தும் சரிதான் என்று ஜிஸ்மிக்குத் தெரியும். ஜிஸ்மியின் அம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போய் நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் திரையில் வருவாள். டின்சியின் மார்க்கின் மேல்தான் பொறாமை என்று ஜிஸ்மி இதுவரை நினைத்திருந்தாள். அந்தக் ‘க’வைப் பார்த்ததும்தான்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் அவளுக்கு வலிக்கும்.)

கோடு போட்டாள். ஒரு மார்க் குறைத்தாள்.

3

“ஜிஸ்மி பத்தொம்பது, டின்சி பதினெட்டர. மார்க்குல தர்க்கம் இருந்தா சோறு தின்னுட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க. மணியடிச்சதும் பேர அனுப்பிருவேன்” என்றார் சார்.

திரும்பி வந்த தாளைப் பார்த்து டின்சி சிரித்தாள். “எங்கம்மாவ பரீட்சைக்குள்ள இழுத்தேன்லா, அதாம் போச்சு. நீ போய்ட்டு வாட்டி. கடல் பக்கத்துலதானாம், போட்டோ அனுப்பணும், என்ன?”

தூக்குவாளியைத் திறந்தாள். “கப்பக் கெழங்கு. ஒனக்கும் சேத்துத்தான் அம்மா வச்சிருக்கு. கையெல்லாம் செவப்பு மை, கழுவிட்டுத் தின்னு.”

4

முதல் முடிவு: ஜிஸ்மி அழுது எல்லாவற்றையும் சொல்கிறாள். (என் ஆசை. அவள் வாயில் நான் திணித்தது.)

இரண்டாவது: முகாமுக்குப் போகிறாள், அங்கே ஒரு கணக்கும் வரவில்லை. (தண்டிக்க நான் யார்?)

இப்போது ஜிஸ்மி எழுந்து வராந்தாவில் நிற்கிறாள். குழாய் இடப்பக்கம். ஸ்டாஃப் ரூம் வலப்பக்கம். உள்ளே சார் டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்கிறது. மணியடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

அவள் எந்தப் பக்கம் போகவேண்டுமென்று உங்களுக்கு ஒரு விருப்பம் இருக்கும். எனக்கும் அதே விருப்பம்தான். ஆனாலும் முதுகில் கைவைத்துத் தள்ளமாட்டேன். நீங்களும் தள்ளாதீர்கள். கூட நில்லுங்கள்.