ஹரிதா எழுதிய நன்றி

ஹரிதா ஆந்திர எல்லையிலுள்ள நகரி ஊர்ப் பெண். பத்தாவது வரை தமிழில் படித்தாள், அதற்கு மேல் இரண்டு வருஷ இன்டர் தெலுங்கில். இப்போது திருப்பதியில் டிகிரி இரண்டாம் ஆண்டு, ஆங்கிலத்தில். மூன்று மொழியிலும் பேசுவாள். எழுதச் சொன்னால் மூன்றிலும் திணறுவாள். கோடை விடுமுறையில் ஊர் விசைத்தறி ஷெட்டுகளைப் பற்றிச் செய்த கம்யூனிட்டி சர்வீஸ் ப்ராஜெக்டை ஆங்கில அறிக்கையாகக் கேட்டார்கள். நெட்டில் கிடைத்ததை வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். சொந்தமாக எழுதி வா என்று அறிக்கை திரும்பி வந்துவிட்டது.

கல்லூரி லைப்ரரி மாடியில் ஓர் அறை இருந்தது. நன்றாக எழுதத் தெரிந்த மாணவர்கள் தெரியாதவர்களுக்கு அங்கே உட்கார்ந்து உதவுவார்கள். ஆங்கிலத் துறை பிரியங்கா மேடம் ஆரம்பித்த ஏற்பாடு. மேடம் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மற்றபடி மாணவர்களே திறந்து மாணவர்களே பூட்டினார்கள். அங்கேதான் சிரஞ்சீவியைப் பார்த்தாள். மெலிந்த ஆள், மூன்றாம் ஆண்டு, பாலசமுத்திரத்துக்காரன். தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்கண்ணா. நான் பார்த்துக் காப்பி பண்ணிக்கிறேன்."

"எழுதித் தரமாட்டேன். நீ சொல்லு. பவர்லூம் ஷெட்டுக்குப் போனியே, இன்னா பார்த்த?"

"வொர்க்கர்ஸுக்கு நெறைய ப்ராப்ளம் கீது."

"அது நெட்டுலயும் கீது. நீ இன்னா பார்த்த?"

"பார்க்கறதுக்கு இன்னாண்ணா கீது? எங்கம்மாவே தறிதான் ஓட்டுது."

"அப்போ அம்மாவப் பத்திச் சொல்லு."

"அம்மாவுக்குக் காது கேக்காது," என்றாள் ஹரிதா. நிறம், உயரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "ஷெட்டுல ஒரே சத்தம் இல்ல? ஊட்டுல எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். தெருவுல போறவங்க சண்டைன்னு நெனச்சிக்குவாங்க."

"அது எப்போ தெரிஞ்சுது?"

அவள் யோசித்தாள். "ஆறாவது படிக்கும்போது. ஸ்கூல் உட்டு வந்து கதவத் தட்டினேன். தட்டிக்கினே இருந்தேன், தெறக்கல. அம்மா உள்ளதான் இருந்துச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்சி அழுதுட்டேன்."

சிரஞ்சீவி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினான். "இத தமிழ்லயே எழுது. அப்பால இங்கிலீஷப் பார்க்கலாம்."

அன்று அரைப் பக்கம்தான் வந்தது. ஆனால் அது அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுப் பெண்களிடம் போய்ப் பேசினாள். யார் யாருக்கு எந்தக் காது மந்தம், ராத்திரி யாருக்குத் தலைக்குள் இரைச்சல் நிற்பதில்லை என்று கேட்டு வந்து சொன்னாள். அவன் ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்தித் தரமாட்டான். வாய்விட்டுப் படி என்பான். படிக்கும்போது எங்கே இடறுகிறாளோ அங்கே தப்பு இருந்தது. மத்தியானம் அவள் டப்பாவில் பாதி புளிசோறு அவனுக்குப் போகும்.

"உங்களுக்கு க்ளாஸ் இல்லியாண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கீது. போவணும்," என்றான். போகவில்லை.

அறிக்கை முடிந்து, துறையில் படித்துப் பார்த்து, அதைப் பெரிய கருத்தரங்குக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஹரிதா யாரையும் கேட்காமல் முன்னால் ஒரு நன்றிப் பக்கத்தை எழுதிச் சேர்த்தாள். அம்மா சுலோச்சனாவுக்கு, ஷெட்டுப் பெண்களுக்கு, கடைசியில், தன்னை எழுத வைத்த மூன்றாம் ஆண்டு சிரஞ்சீவி அண்ணாவுக்கு. அச்சில் பார்க்கட்டும் என்று அவனிடம் காட்டவில்லை.

அந்தப் பக்கம் பிரியங்கா மேடத்துக்குப் பிடித்திருந்தது. உதவின பையனுக்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று அவன் வகுப்பு விவரம் கேட்டு அனுப்பினார். மூன்றாம் ஆண்டில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று ஆபீஸில் சொன்னார்கள்.

முன்பு, இரண்டாம் ஆண்டில் இருந்தது. போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டான். வருகை குறைந்ததால் மேலே படிக்க விடாமல் டிடெயின் செய்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அவன் சேரவில்லை. வீட்டுக்கும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் சாயங்கால வேலை பார்த்துக்கொண்டு, பகலில் கல்லூரிக்கு வந்து அந்த அறையைத் திறந்து உட்கார்ந்திருந்தான்.

வெளியாள் ஒருவன் ஒரு வருஷமாக உள்ளே வந்து போயிருக்கிறான் என்று நிர்வாகம் பதறியது. அவன் அப்பா முனுசாமியை வரவழைத்தார்கள். ஹரிதாவையும் கூப்பிட்டார்கள். சிரஞ்சீவி ஏற்கெனவே அங்கே சுவரோரம் நின்றிருந்தான்.

முனுசாமி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மகனுக்கு ஏதோ பரிசு என்று நினைத்திருப்பார் போல, முகம் மலர்ந்திருந்தது. மேடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டு போனார். அவருக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். நடுவில் வந்த ஓர் ஆங்கிலச் சொல்தான் புரியவில்லை. அறையில் தமிழ் பேசுகிற பெண் என்று அறிந்து ஹரிதா பக்கம் திரும்பினார்.

"டிடெயின்னா இன்னாம்மா?"

அவள் சிரஞ்சீவியைப் பார்த்தாள். அவன் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட்டெண்டன்ஸ் பத்தலன்னு போன வருஷமே நிறுத்திட்டாங்க," என்றாள். "மறுபடி வந்து சேரச் சொன்னாங்களாம். அண்ணா சேரல."

"அப்போ தெனமும் எங்க போய்க்கினு இருந்தான்?"

"இங்கதான் வந்தாரு. எனக்குச் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தாரு."

"படிக்காதவன் எப்படிம்மா சொல்லிக் குடுப்பான்?"

மகன் இனி கல்லூரிக்குள் வரமாட்டான் என்று எழுதிய தாளை மேடம் அவர் முன்னால் வைத்தார். முனுசாமி கோபப்படவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். வெளியே வந்ததும், "உன் நம்பர் குடும்மா," என்று தன் போனில் ஹரிதாவையே பதியச் சொன்னார். பிறகு மகனுக்காக நிற்காமல் கேட்டை நோக்கி நடந்தார்.

"அண்ணா, நான் தெரியாம..."

"உனக்கு எப்படித் தெரியும்? உடு," என்றான் சிரஞ்சீவி. "அந்தப் பக்கத்த மேடம் காட்டினாங்க. ஒரு தப்புகூட இல்ல." சொல்லிவிட்டு அப்பாவின் பின்னால் ஓடினான்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் அறிக்கை கருத்தரங்குக்குப் போகலாம் என்றார் மேடம். ஹரிதா எடுத்துவிட்டாள். கருத்தரங்கில் படித்தாள். அம்மா கதவைத் திறக்காத இடம் வந்தபோதும் இடறவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். யார் உதவினார்கள் என்று மேடையில் இருந்த ஒருவர் கேட்டார். "நானே எழுதினேன் சார்," என்றாள். ரயிலில் வீட்டுக்கு வரும்போது, எடுத்துவிட்ட அந்த நன்றிப் பக்கத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் முனுசாமி போன் செய்தார்.

"அவன் உன்கிட்ட எதனா பேசினானாம்மா?"

"இல்லீங்களே. ஊட்டுல இல்லியா?"

"அன்னிக்கே ஊருக்கு வரும்போது புத்தூர்ல தண்ணி வாங்கினு வரேன்னு பஸ்ஸ உட்டு எறங்கினான். திரும்ப வரல. சிநேகிதக்காரங்க கிட்ட போயிருப்பான்னு இருந்தேன். லாட்ஜுக்கும் வரலியாம். ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. நீ நல்லா எழுதுவேன்னு பஸ்ல சொன்னான். அது ஒன்னுதான் பேசினான்."

மறுநாள் ஹரிதா கல்லூரிக்குப் போகாமல் புத்தூரில் இறங்கினாள். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தெலுங்கில் எழுதினாள். பெயர், வயது, போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. முனுசாமி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என்ன செய்கிறான் என்ற இடத்தில், கல்லூரியில் மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார் என்று அவளே எழுதினாள்.

ஏட்டு வாங்கிப் படித்தார். "இது உத்யோகமா? சம்பளம் வருமா?" என்று தெலுங்கில் கேட்டார்.

இல்லை என்றாள். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, வேலை இல்லாதவர் என்று மேலே எழுதினார்.

ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். போய் விசாரித்தார்கள், அது வேறு பையன். லைப்ரரி மாடி அறையைப் பூட்டிவிட்டார்கள். ஹரிதா மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். முனுசாமி இன்னும் போன் செய்கிறார். அம்மாவோடு ஷெட்டில் இருந்தால் தறிச் சத்தத்தில் கேட்காது என்று அவள் தெருவுக்கு வந்து எடுப்பாள்.

"எதனா தெரிஞ்சுதாம்மா?"

"இல்லீங்க."

"சரி. துன்னியா?"

"துன்னேங்க," என்பாள். அவர் வைத்துவிடுவார்.