சேஸிஸ் நம்பர்

அப்பாவின் ஃபோர்வீல் பிக்கப்பை நல்லூர் வீட்டு ஷெட்டிலேயே எட்டு மாதம் பிரித்துக் கோத்தோம். தகுதிச் சான்று கிடைத்தால்தான் அது மறுபடி சாலையில் ஓடும்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் இன்ஸ்பெக்டர் குனிந்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் நம்பர் பொறித்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நம்பர் எங்கீங்க?"

எங்கள் குடும்பத்து வண்டியில் துரு தெரியக் கூடாதென்று கிரைண்டரால் வழவழவென்று தேய்க்கச் சொன்னது நான்தான். பொறித்த நம்பரும் அழிந்துவிடுமே என்று மெக்கானிக் இசக்கிமுத்து அப்போதே தயங்கினான்.

"எங்கப்பா வண்டிங்க. ஊருக்கே தெரியும்" என்றேன்.

"ஊரு வந்து கையெழுத்துப் போடாதுங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நாந்தான் சார் தெரியாம தேச்சிட்டேன்" என்றான் இசக்கிமுத்து.

மறுக்க வாயெடுத்தேன். அத்தனை பேரைப் பார்த்ததும் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, திருட்டு வண்டிக்காக நம்பரை அழித்தானா என்று விசாரிக்க அவனை உள்ளே கூட்டிப்போனார்கள்.