பகலவனின் வெற்று அட்டை

புத்தாண்டு ஆராதனையில் பகலவன் எடுத்த வாக்குத்தத்த அட்டை ஏழாவது வருடமும் வெறுமையாக இருந்தது. வெள்ளிமலை சபையில் ஆளுக்கொரு அட்டை எடுப்பார்கள். அதில் வரும் வசனம்தான் அந்த வருடத்துக்குக் கர்த்தர் சொன்ன வாக்கு. மற்ற நாற்பத்தோரு பேருக்கும் வசனம் வந்தது. பகலவன் சும்மா விடுகிற ஆளா? முதல் வருடம் கள்ளக்குறிச்சி அச்சகத்துக்கே போய்ச் சண்டை போட்டார். மறுவருடம் பாஸ்டர் மேல் சந்தேகம். பிறகு மனைவி ராணியம்மாளின் அட்டையைப் பிடுங்கினார்; பகலவனின் விரல் பட்டதும் எழுத்து சர்க்கரை மாதிரி கரைந்தது. பாஸ்டர் மனமிரங்கிப் பேனாவால் எழுதிக் கொடுத்த வசனமும் டீ ஆறுவதற்குள் மறைந்துபோனது.

அவர் கர்த்தரிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தம்பியைப் போய்ப் பார்க்கலாமா, கூடாதா? ஏழு வருடத்துக்கு முன் இரண்டு மூட்டை சாமை காணாமல் போனது. சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, தம்பி தமிழழகன்தான் எடுத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவன் அன்றைக்கே மலையிறங்கிவிட்டான். ஒரே மாதத்தில் மூட்டைகள் கரியாலூர் மாவு மில்லில் கிடைத்தன. இறக்கி வைத்துவிட்டு மறந்தவர் பகலவனேதான். அதை ராணியம்மாளைத் தவிர யாரிடமும் வாயைத் திறந்து சொல்லாமல், கர்த்தருடைய சித்தம் தெரியட்டும் என்று காத்திருந்தார். தனக்கு இரட்சிப்பே இல்லையோ என்ற பயம் மட்டும் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் ராணியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "இரட்சிக்கறது அவரு வேல. தம்பிகிட்ட ஒத்துக்கறது உங்க வேல. அதுக்கு இன்னாத்துக்குங்க சீட்டு பாத்துக்கினு கீறீங்க?"

பகலவன் வெற்று அட்டையோடு அடுத்த பஸ்ஸில் ஏறினார். எலவனாசூர்கோட்டையில் தமிழழகன் தன் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தான். பகலவன் நின்றபடியே மில் கதையை முழுதும் சொன்னார்.

"ஒரு மாசத்துலயே தெரியுமா? ஏழு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"கர்த்தர் சொல்லட்டும்னு..."

"திருடன்னு சொன்னப்ப அவரக் கேட்டா சொன்ன?" தமிழழகனின் கண் கலங்கியது. அண்ணன் கையிலிருந்த அட்டையை வாங்கி அதில் போன் நம்பரை எழுதினான். "இங்க சொன்னா ஆச்சா? அங்க சபையில சொல்லு. அப்பறம் போன் பண்ணு."

மலை ஏறும்வரை பகலவன் அட்டையை வெளியே எடுத்து எடுத்துப் பார்த்தார். மை மறையவில்லை. நம்பர் பொய்யாக இருக்குமோ என்று அப்போதும் ஒரு சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து, தம்பியைப் பற்றி அன்று சொன்னது பொய் என்று சொன்னார். வெளியே வந்து போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே தம்பி எடுத்தான்.

அடுத்த புத்தாண்டிலும் பகலவனின் அட்டை வெறுமையாகத்தான் வந்தது. யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழழகன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அண்ணனிடம் நீட்டினான்.