இல்லாத சுவரிலிருந்து அளந்தார்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ரோலண்டுக்கு வலப் பக்கம் முழுக்க ஓய்ந்திருந்தது. பேச்சு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பது போல வந்தது. முன்பெல்லாம் மழையென்றாலும் தோட்டத்தை விட்டு உள்ளே வராத மனிதர். இப்போது முன்னறையில் தொலைக்காட்சிக்கு எதிரே சக்கர நாற்காலியில் கிடந்தார்.

வீட்டுக்குப் பின்னால், சமையலறையை ஒட்டி ஒரு கண்ணாடி அறை கட்டிவிடுவது என்று அவர் மனைவி கிளெண்டா முடிவு செய்தாள். இங்கிலாந்தின் வடக்கே, அந்த லங்காஷயர் ஊரில் வெயில் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். பார்க்கும்போது அவர் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"அனுமதி ஏதும் வாங்கணுமா?" என்று கட்டட ஒப்பந்தக்காரரிடம் கேட்டாள்.

"இதுக்கெல்லாம் எதுக்கு மேடம்? வீட்டுக்குப் பின்னால மூணு மீட்டர் வரைக்கும் அனுமதி வேண்டாம், நாம அதுக்குள்ளதான் கட்டறோம். தெருவுல பாதி வீட்டுல இருக்குது. எல்லாரும் கேட்டுட்டா கட்டினாங்க?"

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சமையலறையின் பின்கதவில் நாற்காலி நுழையவில்லை என்றதும் ஒப்பந்தக்காரரே கதவைக் கழற்றி, வாசலை அகலமாக்கி, தரையையும் சமமாக்கித் தந்தார். நாற்காலி அடுப்பங்கரையிலிருந்து நேரே வெயிலுக்குள் உருண்டு போனது. அடுத்த வீட்டுப் பக்கம் மட்டும் கண்ணாடிக்குப் பதில் செங்கல் சுவர். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று.

சுவர் பாதி எழுந்திருந்தபோது அடுத்த வீட்டு நோரீன் வேலியருகே வந்து நின்றாள். இரண்டும் ஒட்டிக் கட்டிய வீடுகள். வருஷக்கணக்கில் வேலிக்கு மேலாகவே கேக்கும் ஊர்வம்பும் பரிமாறிக்கொண்டவர்கள்.

"கிளெண்டா, இது இன்னும் மேல போகுமா? என் சமையலறை ஜன்னல் இங்கதானே இருக்கு."

"கொஞ்சம்தான் நோரீன். பழகிடும்," என்றாள் கிளெண்டா. அவள் கவனமெல்லாம் கூரை போட வந்தவர்கள் மீது இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ரோலண்ட் அங்கேதான் இருந்தார். மடியில் கம்பளி, பக்கத்தில் தேநீர். இடது கையாலேயே தக்காளி நாற்றுகூட நட்டார். ஒரு காலை, "நல்லா... இருக்கு" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொன்னார். கிளெண்டா குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள்.

வசந்தத்தில் நகராட்சியிலிருந்து பியூ என்ற அதிகாரி வந்தார். சாந்தமான ஆள். வாசலில் காலணியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். புகார் வந்திருப்பதாகச் சொன்னார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அளவு நாடாவை நீட்டினார். சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இது பிற்பாடு இழுத்துக் கட்டின சமையலறை, இல்லையா?"

"நாங்க வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"அங்கதாங்க சிக்கலே. அனுமதி இல்லாம கட்டறதுன்னா, வீடு முதல்ல கட்டினப்ப இருந்த பின்சுவத்துல இருந்துதான் அளக்கணும்."

"அந்தச் சுவர் எங்க இருக்கு?"

"இப்ப இல்லைங்க. உங்க அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல இருந்திருக்கும். அந்த மூணு மீட்டரையும் இங்க முன்னாடி இருந்தவங்களே சமையலறைக்கு எடுத்துக்கிட்டாங்க."

கிளெண்டா அடுப்பையும் ஃபிரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் துடைப்பக்கட்டை சாய்ந்து நின்றது.

"அப்புறம், இங்க இருந்த கதவு?" என்று பியூ அகன்ற வாசலைக் காட்டிக் கேட்டார்.

"எடுத்துட்டோம். நாற்காலி போகணுமே."

பியூ அளவு நாடாவைச் சுருட்டினார். "நடுவுல வெளிக்கதவு இருந்தாத்தான் இது கன்சர்வேட்டரி, அதாவது தனிக் கண்ணாடி அறை. கதவை எடுத்துட்டா வீட்டோட சேர்ந்துடுது. அப்போ குளிர் தாங்குற கூரை, கண்ணாடின்னு எல்லாத்துக்கும் கட்டட விதி வந்துடும். இந்தக் கூரை அதுக்குத் தேறாது."

"அவரைப் பாருங்க. இதுக்காக நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க. செய்யறேன்."

"பார்க்கத்தான் செய்யறேன், மிஸஸ் ஹார்ட்லி. எங்கம்மாவும் நாற்காலியிலதான் இருந்தாங்க," என்றார் பியூ. "கட்டினதுக்கு அப்புறமும் விண்ணப்பம் போடலாம். போடுங்க. நானும் உங்க நிலைமைய எழுதறேன்."

போட்டாள். மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பியூவும் சொன்னபடி எழுதினார். அடுத்த வீட்டுச் சமையலறை பகலிலேயே விளக்குப் போடுமளவு இருட்டாகிவிட்டது என்று அனுமதி மறுத்தார்கள். சுவரைக் குறைக்கலாமா என்று கேட்டாள். கூரை அந்தச் சுவரின் மேல்தான் நிற்கிறது என்றார்கள். மேல்முறையீட்டிலும் அதே பதில்; அறையைப் பிரித்துவிட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்தியிருந்தார். கோபப்படுவதற்குக்கூட சரியான ஆள் கிடைக்கவில்லை அவளுக்கு. எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எல்லோரும் சரியாகவே பேசினார்கள்.

பிரிக்க வந்த அன்று ரோலண்டை முன்னறைக்குத் தள்ளிப் போய்த் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கண்ணாடிகளைக் கழற்றும் ஓசை அதையும் மீறிக் கேட்டது. "என்... என்..." என்றார் அவர். அதற்கு அடுத்த சொல் வரவேயில்லை.

தரை மட்டும் மிஞ்சியது. சமையலறைக்குப் புதுக் கதவும் அதன் அடியில் உயர்ந்த நிலைப்படியும் வந்தன. வெயில் அடித்த ஒரு பிற்பகல், ரோலண்ட் கதவையே காட்டிக்கொண்டிருந்ததால், கிளெண்டா மூச்சுப் பிடித்து நாற்காலியை நிலைப்படி தாண்டி வெளியே இறக்கினாள். அவர் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கினார். தேநீர் ஆறுவதற்குள் தூறல் ஆரம்பித்தது.

இறக்க முடிந்த நாற்காலியை ஏற்ற முடியவில்லை. முன்சக்கரம் நிலைப்படியில் முட்டி முட்டித் திரும்பியது. மழை வலுத்தது. "கொஞ்சம் இரு கண்ணு, கொஞ்சம் இரு" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். கம்பளி நனைந்து கனத்தது.

பக்கவாட்டுத் தோட்டக் கதவைத் திறந்துகொண்டு நோரீன் ஓடிவந்தாள், கையில் மாவு ஒட்டியபடி. அந்தப் புகாருக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. "நீ முன்னால பிடி, நான் பின்னாலருந்து தூக்கறேன்," என்றாள். தூக்கினார்கள். நாற்காலி உள்ளே போனது.

நோரீன் மூச்சு வாங்க நின்றாள். ரோலண்ட் அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். சொல்லைத் தேடினார். இருவரும் காத்திருந்தார்கள்.

"வெளிச்சம்... வந்துச்சா... உனக்கு?"

நோரீன் கிளெண்டாவைப் பார்க்கவில்லை. மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"வந்துச்சு, ரோலண்ட்," என்றாள்.