ஃப்ரீசருக்குப் பின்னால்

கறுப்புக் கோட்டும் டையுமாக நிலவறையில் மண்டியிட்டு, ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான் கர்ட்டிஸ். தேவாலயத்துக்குக் கிளம்ப அரை மணி நேரம்தான் இருந்தது. அவன் அம்மா மார்லிஸ் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

மூன்று நாளுக்கு முன் மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. "ஃப்ரீசரைக் கொஞ்சம் நகத்திட்டு வரேன்" என்று வெறுங்காலோடு இறங்கிய அவள் கணவர் ஆர்லன், அதைத் தொட்டதோடு சரி. மேலே மார்லிஸ் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இது சாதா பாயிண்டும்மா," என்றான் கர்ட்டிஸ். "கரண்ட் கசிஞ்சா தானா அணையுமே, அது இங்க இருந்திருக்கணும். சமையலறை, குளியலறை, கராஜ், வெளிச்சுவர்னு தண்ணி படற இடமெல்லாம் அப்பா போட்டிருக்காரு. இங்க மட்டும் எப்படி விட்டாரு?"

ஆர்லன் அந்த விஷயத்தில் ஒரு பைத்தியம். விருந்துக்கு வந்தவர்களைக்கூட விடாமல், அந்தப் பாயிண்டின் சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டுவார்.

"டுவைன் சித்தப்பாதானே கூட நின்னு வேலை பாத்தாரு? எதுலயும் அரைகுறை. இன்னிக்கு அப்பாவோட சவப்பெட்டியில அவரு கை படக் கூடாது. நானே சொல்லிடறேன்."



"இங்கயும் போட்டிருந்தாருடா," என்றாள் மார்லிஸ். "உன் கல்யாணத்துக்கு நாங்க வந்திருந்தப்ப அது அணைஞ்சுபோய், ஃப்ரீசர்ல இருந்த ஒரு மான் கறி முழுசும் அழுகிடுச்சு. நாத்தத்தைக் கழுவினது நான்."

"அதனால அப்பா மாத்திட்டாரா?"

"மாட்டேன்னாரு. நான்தான் ஒரு வாரம் விடலை. சோறுகூட ஒழுங்காப் போடலை."

கர்ட்டிஸ் திரும்பவில்லை. மூன்று நாளாக அவளுக்கு இது நினைவுக்கே வரவில்லை, சத்தியமாக வரவில்லை. தன் வாயால் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

மேலே கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு டுவைன் எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, நேரமாச்சு. என்னடா கர்ட்டிஸ், ஏதாவது தெரிஞ்சுதா?"

கர்ட்டிஸ் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. பழைய வயரு. பெட்டி தூக்கும்போது முன்னால என் பக்கத்துல நில்லுங்க."

பிறகு வந்து, அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.