இரண்டு கிலோ பொய்

ஜிம் தராசு மீண்டும் கையை விரித்தது. அறுபத்தைந்து புள்ளி நான்கு. வரம்போ அறுபத்து மூன்றரை. மூன்று நாளாகத் தண்ணீரைக்கூட அளந்து குடித்த குத்துச்சண்டைக்காரன் 'வேட்டு'க்குக் கண் இருட்டியது.

"விடுடா. போட்டிக்காரங்க எடை பார்க்கறது நாளைக்குக் காலையில. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போன் போட்டு, நீ வரலைன்னு சொல்லிடறேன்," என்றார் மேனேஜர், பல் குத்தியபடி. "உனக்கெல்லாம் உச்சம் முப்பது வயசுக்கு மேலதான். பழுக்கட்டும்."

"இப்பவே இருபத்தெட்டு. பழுத்து அழுகவா?"

நாளை மோத வேண்டிய இடக்கையனும் இவனும் ஒரே எடைப் பிரிவு, இருவருமே தோற்றதில்லை. இரண்டு தடவை மோதல் நின்றுபோனது. அப்போதெல்லாம் எடை கூடியது இடக்கையனுக்கு என்றார்கள். இம்முறை இவனுக்காம். நடுவில் இவனுக்குக் கிடைத்ததெல்லாம் முட்டி தேய்ந்த நாற்பது வயது ஆட்கள். செத்த பாம்பை அடிப்பதில் என்ன வீரம்?

ஆத்திரத்தோடு, இரண்டு தெரு தள்ளி அக்கா வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸுக்கு நடந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவள் டேப்பைக் கீழே வைத்தாள்.

"மறுபடியும் நின்னுபோச்சா?"

"ரெண்டு கிலோ கூடவாம், அக்கா."

"இந்த எலும்புக்கூட்டுலயா? ஏறுடா பார்சல் தராசுல. பெட்டியில போட்டு ஒட்டி, உன் மேனேஜருக்கே அனுப்பிடறேன்."

ஏறினான். அறுபத்து மூன்று புள்ளி நான்கு.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க தராசு தப்பாதுடா. தினம் காலையில இந்த இருபது கிலோ எடைக்கல்லை வச்சுப் பார்த்துட்டுத்தான் கவுண்டரையே திறப்போம்."

"குடு அந்தக் கல்லை."

"டேய், ஆபீஸ் கல்லு! தொலைச்சேன்னா என் வேலை போயிடும்!"

அவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

ஜிம்மில் மணி நாலே முக்கால். மேனேஜர் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். வேட்டு கல்லைத் தராசில் வைத்தான். இருபத்திரண்டு.

"கல்லுக்கும் ரெண்டு கிலோ கொழுப்பா, அண்ணே?"

மேனேஜரின் வாயிலிருந்த குச்சி விழுந்தது. "முட்டாள்! தோக்காத வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் வச்சு நானும் அவன் மேனேஜரும் அஞ்சு வருஷம் ஓட்டலாம். மோதினா ஒருத்தன் காலி. அது நீயா இருந்தா?"

"தோத்தா நான் தோக்கறேன். என் வயசைத் திருட நீ யாருய்யா?"

அவர் போனைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டான். பிறகு தன் போனில் இடக்கையனை அழைத்தான். ஜூனியர் போட்டி நாளில் வாங்கி வைத்த எண்.

"நாளைக்கு நான் வரேன். எங்க ஜிம் தராசு ரெண்டு கிலோ கூடக் காட்டுது. வேணும்னே வச்சிருக்காங்க."

 மறுமுனையில் பல்லைக் கடித்த குரல் வந்தது.

"அந்த ரெண்டு தடவையும் எனக்குக் கூடினது எவ்வளவு தெரியுமா? ரெண்டு கிலோ. அதை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எடைக்கல்லு வச்சு."

"அதைத் தூக்கிட்டு இப்பவே வா. எங்க ஜிம்லயும் ஒரு தராசு இருக்கு."